தேனிக்கு அனுப்புகிற டாக்டரம்மா

அவர் பயப்படாத பொருள் ஒன்றாவது இந்தப் பூமியில் இருந்ததா என்று இப்போதும் சில சமயம் யோசித்துப் பார்ப்பேன். பல்லியைக் கண்டால் பயம். பிரசவ அறைக் குழாயடியில் வந்து ஒண்டும் தவளையைக் கண்டாலும் பயம். கம்பம் ரோட்டில் லாரி ஒன்று கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிந்தாலே ஓரமாக நின்றுவிடுவார். அது போய்ப் புழுதியும் அடங்கிய பிறகுதான் ரோட்டைக் கடப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். எந்தத் திசையில் பார்த்தாலும் வயலும் வானமுமாக இருக்கும் ஊரில் வளர்ந்தவர். எங்கள் பள்ளத்தாக்குக்கு வேலைக்கு வந்த முதல் நாள், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது எப்பவும் இவ்வளவு பக்கத்துலதான் நிக்குமா?" என்று கேட்டார். "இல்ல மேடம், ஞாயித்துக்கெழம லீவு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை மலையைப் பார்த்துக்கொண்டார்.

நான் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். உள்ளூர்க்காரி. ஊரில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம், மீதிப் பேர் எங்கள் வீட்டோடு பேசாதவர்கள். டாக்டரம்மாவுக்கு என் மூத்த மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அதற்கும் பயப்படுவார். கொஞ்ச காலம்தான் எங்களோடு இருந்தார், பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். ஊரில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "யாரு, அந்தத் தேனி டாக்டரம்மாவா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கும் தேனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வருகிறவர்களையெல்லாம் தேனிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார் என்பதால் வந்த பெயர் அது.

டாக்டர்களுக்குப் பயமே இருக்காது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்தவர்களில் சிலர் பயம் வந்தால் குரலை உயர்த்துவார்கள். சிலர் என்மேல் எரிந்து விழுவார்கள். இவர் மட்டும்தான் நோயாளியின் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்வார்: "எனக்குப் பயமா இருக்கும்மா. தேனிக்குப் போயிடுங்க." நம் சனங்களுக்கு இது பழக்கமில்லை. ஒருமுறை, காய்ச்சலோடு வந்த கர்ப்பிணி ஒருத்தியின் அம்மா இதைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "ஏத்தா, டாக்டருக்கே பயமா இருந்தா நாங்க யாருகிட்டத்தான் போறது? கோயில்ல போயி மந்திரிச்சுக்கிறவா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

எல்லா நோய்க்கும் இப்படிச் செய்வார் என்று சொல்ல மாட்டேன். சளி, இருமல், வயிற்றுவலி, மாடு முட்டின காயம், தேனீ கொட்டின வீக்கம் எல்லாவற்றையும் அமைதியாகப் பார்ப்பார். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி காய்ச்சல் என்று வந்து நின்றால்தான் அவர் முகம் மாறும். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்பார். பிறகு ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொள்வார். பேனா நகராது. கண் மட்டும் அந்தப் பெண்ணின் நெஞ்சுக்கூட்டின் மேல் இருக்கும். மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். இது ஊரில் தெரிந்துபோய், "வயித்துப் பிள்ளக்காரிய அப்படியே மொறைச்சுப் பாக்குறாக, கண்ணு வச்சுருவாக" என்று சிலர் பெஞ்சில் உட்காராமலே ஓடினார்கள்.

ஒரு நாள் நானே கேட்டேன். "ஒரு காய்ச்சலுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ பயப்படுறீக?"

"கர்ப்பிணி உடம்பு பொய் சொல்லும் சிஸ்டர்" என்றார். "கிருமி ரத்தத்துல கலந்து உள்ளே எல்லாம் கெட்டுக்கிட்டு இருக்கும். ஆனா உடம்பு சமாளிக்கும், சமாளிக்கும், கடைசி வரைக்கும் சமாளிக்கும். நம்மகிட்ட சிரிச்சுப் பேசிட்டு இருக்கும். திடீர்னு ஒரேயடியா கையை விட்டுடும். அப்ப நாம என்ன பண்ணாலும் அதுக்குக் கேக்காது." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். யாரையோ மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று தோன்றியது. அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவரின் மகளை இப்படித்தான் தேனிக்கு அனுப்பினார். அங்கே எல்லாம் பரிசோதித்துவிட்டு, சாதாரணக் காய்ச்சல்தான் என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். மண்டிக்காரர் காரை நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஒண்ணுமே இல்லயாம்! எம்புட்டு அலைச்சல், எம்புட்டு சோலி கெட்டுச்சு தெரியுமா?" என்று சத்தம் போட்டார். டாக்டரம்மா எழுந்து நின்றார். "ஒண்ணுமே இல்லையா? நிஜமாவா? மூச்சு, ரத்தம், எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார். தான் சொன்னது தப்பாகப் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மண்டிக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாகஜோதியின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

அந்த வருடம் வெயில் காலத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா சாட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊருக்குள் இருப்பவர்கள் எல்லையைத் தாண்டிப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியூரில் இரவு தங்கக்கூடாது. தங்கினால் அம்மன் கோபம் அந்தக் குடும்பத்தின் மேல் இறங்கும். அந்த நாட்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதைக் காய்ச்சல் என்று யாரும் சொல்வதுமில்லை. ஆத்தா வந்திருக்கா என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டி, வேப்பிலைப் படுக்கையில் படுக்கவைத்து, இளநீரும் கூழும் மட்டும் கொடுப்பார்கள். மாத்திரை கூடாது, ஊசி கூடாது. ஆத்தா ஏறியிருக்கிற உடம்பில் ஊசியைக் குத்தினால் அது அவள் மேலேயே குத்துவது. சொல்லிச் சிரிப்பதற்கு நான் ஒன்றும் வெளியாள் இல்லை. என் வீட்டு நிலையிலும் அன்றைக்கு வேப்பிலை தொங்கியது.

நாகஜோதிக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை உண்டாவதற்கு முன்பு தினமும் விடியலில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவள். செவ்வாய்க்கிழமைதோறும் எங்களிடம் நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. "இன்னொருக்க வைங்க மதினி" என்று என்னைக் கெஞ்சுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை.

டாக்டரம்மா மூன்று தடவை கேட்டுவிட்டார். நான் போன் போட்டேன். அவளுடைய மாமியார் எடுத்தார். எனக்குப் பெரியம்மா முறை. "ஆத்தா வந்திருக்காத்தா. மூணு நாளாச்சு. நீ இங்கன வராத, ஆசுபத்திரித் தீட்டு ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"வண்டியை எடுங்க சிஸ்டர்."

என் ஸ்கூட்டரில் ஏறுவது என்றால் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. டயரைப் பார்ப்பார், பிரேக்கைக் கேட்பார், சாமி கும்பிடுவார். அன்றைக்கு எதுவும் இல்லை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வழியெல்லாம் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி வந்தார்.

நாகஜோதி வீட்டு வாசலில் டாக்டரம்மா செருப்பைக் கழற்றினார். வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. பெரியம்மா வழிமறித்து, கால் கழுவச் சொன்னார், டாக்டரம்மா கழுவினார். பெரியம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பெரியம்மாவின் முகத்திலோ அப்படி ஒரு வெளிச்சம்.

"பயப்பட ஒண்ணுமில்ல தாயி. விடிகாலம் வரைக்கும் ஒடம்பு அனலாக் கொதிச்சுது. நடுங்குன நடுக்கத்துல கட்டிலே ஆடிப்போச்சு. இப்ப வந்து பாருங்க, பச்சத்தண்ணியாக் கெடக்கா. ஆத்தா குளுந்துட்டா. தலைக்குத் தண்ணி ஊத்த வேண்டியதுதான் பாக்கி."

உள்ளே இருட்டாக இருந்தது. கட்டிலில் வேப்பிலை மேல் வெள்ளை வேட்டியை விரித்து அவளைக் கிடத்தியிருந்தார்கள். டாக்டரம்மா குனிந்து அவள் நெற்றியைத் தொட்டார், பிறகு கையை, பிறகு பாதத்தை. நானும் தொட்டேன். வெளியே அவ்வளவு வெயில் அடிக்கிறது, அந்தப் பாதம் சில்லிட்டு, ஈரமாகப் பிசுபிசுத்தது. நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்தது, வெளுத்தபடியே இருந்தது. அவள் மூச்சை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஓடி வந்து நின்றவளைப் போல இரைத்துக்கொண்டிருந்தாள்.

"நாகஜோதி, நான் யாருன்னு தெரியுதா?"

கண் திறந்தது. எங்களைத் தாண்டி எதையோ பார்த்தது. "ஜீப்பு போயிருச்சா?" என்றாள். "எனக்கு ஒரு எடம் போடச் சொல்லுங்க."

"ஆத்தா பேசுறா" என்று பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அது ஆத்தா பேசுவது இல்லை, மூளைக்கு ரத்தம் போதாமல் பேசுகிற பேச்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இருட்டில், வேப்பிலை வாசத்தில், நானும் ஒரு நொடி கைகூப்பப் பார்த்தேன்.

டாக்டரம்மாவின் கண் அவள் கால் கட்டைவிரலில் நின்றது. நகத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"இது என்ன?"

"சுண்ணாம்பு தாயி. போன வாரம் பூராம் சூடு புடிச்சு நீர்க்கடுப்பு. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னா. முதுகு வலின்னு வேற அனத்துனா. சுண்ணாம்பு தடவுனதும் சரியாப் போச்சு."

"இன்னைக்கு ஒண்ணுக்குப் போனாளா?"

பெரியம்மா யோசித்தார். "நேத்துச் சாயங்காலம் போனா" என்றார் மெதுவாக.

நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். கருவி அவ்வளவு குறைத்துக் காட்டியதை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கருவியை எடுத்து வயிற்றில் வைத்தார். படபடவென்று அறை முழுக்கச் சத்தம் கேட்டது. பெரியம்மாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "கேட்டீகளா? எம்பேரன் குதுர கணக்கா ஓடுறான்!" என்றார். டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டார்.

"அம்மா, இவளை இப்பவே தேனிக்குக் கொண்டு போகணும். நான் ஆம்புலன்ஸ் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு ஊசி போடணும்."

பெரியம்மா கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "ஊசியா? என்ன பேச்சுப் பேசுறீக? காப்புக் கட்டியிருக்கு. எல்லை தாண்டிப் போயி ராத்தங்குனா ஆத்தா சும்மா விடுவாளா? ரெண்டு உசுரும் போயிரும்." வாசலில் அவருடைய மகன் பாண்டி நின்றிருந்தான். மஞ்சள் வேட்டி, கையில் விரதக் காப்பு. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தான். அம்மாவைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா.

"ஒங்களுக்கு ஒரு பக்கந்தான் பயம்" என்றார் பெரியம்மா. "எனக்கு ரெண்டு பக்கமும் பயம். போனாலும் பயம், இருந்தாலும் பயம். நான் என்ன செய்யட்டும்?" அப்போதுதான் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் மூன்று நாளாக அவர் தூங்காதது எனக்குத் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே சத்தம் போட்டிருப்பார்கள். போலீஸைக் கூப்பிடுவேன், எழுதிக் கையெழுத்துப் போடு என்றெல்லாம் பேசியிருப்பார்கள். நான் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஆத்தான்னா உடம்புல அம்மை முத்து போட்டிருக்கணுமே அம்மா, எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"உள்ளுக்குள்ள இருக்கும். இன்னும் வெளிய வரல."

"மூணு நாள் காய்ச்சலுக்கு அப்புறமுமா? நான் பார்க்கல. எனக்கு அதுல பழக்கம் இல்ல. நீங்க எத்தனை பேருக்குப் பார்த்திருப்பீங்க? நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஒரே ஒரு முத்து இருந்தாலும் நான் ஊசி போடல. போயிடுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வேர்க்குருவை முத்து என்று பெரியம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆனால் பெரியம்மா அப்படிப்பட்டவர் இல்லை. ஆத்தா விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வராது. பாண்டியின் செல்போன் விளக்கை வாங்கிக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். அக்குள், முதுகு, வயிறு, உள்ளங்கை. நாக்கை நீட்டச் சொல்லி அதையும் பார்த்தார். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது, முத்து இல்லை. தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைசியாகச் சேலையை ஒதுக்கி முழங்காலைப் பார்த்தார் பெரியம்மா. அங்கே தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. விளக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒரு முத்துக்கூட இல்ல" என்றார். பிறகு, வீடே அதிரும்படி, "ஏலே பாண்டி! இது ஆத்தா இல்லடா! வண்டிய வரச்சொல்லுடா வெரசா!" என்று கத்தினார்.

நரம்பு அகப்படவில்லை. ரத்தம் வற்றிய உடம்பில் நரம்பு நூல்போல ஒடுங்கிவிடும். நான் குத்திக் குத்திப் பார்த்துக் கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். கிருமிக்கான முதல் ஊசியை அந்த வேப்பிலைப் படுக்கையில் வைத்தே போட்டார் டாக்டரம்மா. தேனி போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவில்லை. "இதுல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு சிஸ்டர்" என்றார். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். மேளம் நின்றது. கூட்டம் வழிவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள்.

எல்லையைத் தாண்டும்போது பாண்டி தன் கையிலிருந்த காப்பை மற்றொரு கையால் பொத்திக்கொண்டான். தேனி போய்ச் சேரும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

டாக்டரம்மா ரோட்டை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நாகஜோதியை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, டிரிப்ஸை முழுசாகத் திறந்து விட்டு, ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டு, "என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடையிடையே பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். சின்னமனூரில் அது வேகமாகத்தான் இருந்தது. வீரபாண்டி தாண்டும்போது மெதுவானது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கருவியின் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"ஏன் தாயி நிப்பாட்டிட்டீக?" என்று கேட்டார் பெரியம்மா.

"சத்தம் அவளுக்குத் தொந்தரவா இருக்கும்மா" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பிள்ளை பிழைக்கவில்லை. நாகஜோதி பிழைப்பாளா என்று அங்கிருந்த டாக்டர்களாலும் பல நாள் சொல்ல முடியவில்லை. தொண்டைக்குள் குழாய், கழுத்தில் ஊசி, சிறுநீருக்குப் பை. அவள் பக்கத்தில் ஒரு இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. பஸ்ஸில் ஏறவே நடுங்கும் டாக்டரம்மா, வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் அதே பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்கு வந்துவிடுவார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் திரும்புவார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி போனது. "ஊருக்குள்ள இருந்த வரைக்கும் பிள்ள குதுரயா ஓடுச்சாம்ல. எல்லையத் தாண்டவும் நின்னுபோச்சாம்" என்றார்கள். துடிப்பைக் காதால் கேட்டவர் பெரியம்மா. அதை ஊரில் சொன்னதும் அவரேதான், முதல் நாள், போனில், பதற்றத்தில். இப்போது அந்தப் பேச்சு திரும்ப அவரிடமே வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி சாப்பிடாமல் கிடந்தார். வண்டியை வரச்சொல்லிக் கத்தினது அவர்தானே.

குழாயை எடுத்த மறுநாள் நாகஜோதிக்கு நினைவு தெளிந்தது. கை வயிற்றுக்குப் போனது. வயிறு தட்டையாக இருந்தது. பாண்டியைப் பார்த்து, "பிள்ள எங்க?" என்று கேட்டாள். அவன், "எடை கம்மின்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கி வருவதாக வெளியே போனான். அன்றைக்கு லீவு போட்டுத் துணைக்கு இருந்த என்னைக் கேட்டாள். "டாக்டரு வரட்டும்த்தா" என்றேன். இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவள் நான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். அவரிடமும் கேட்டாள். இவர் நம்மைவிடப் பயந்தவர், என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை இறந்துடுச்சு நாகஜோதி. நீ மயக்கத்துல இருக்கும்போதே இறந்துதான் பொறந்துச்சு."

அவள் அழவில்லை. மேலே விசிறியைப் பார்த்தாள். பிறகு, "என்ன பிள்ள?" என்றாள்.

"பொண்ணு. தலை நிறைய முடி. நான் பார்த்தேன்."

"எல்லையத் தாண்டுனதாலயா?" குரல் கரகரத்தது. மயக்கத்தில் கிடந்தவளுக்கு அந்தப் பேச்சு எப்படி எட்டியதோ தெரியவில்லை. சொல்ல வேண்டாததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அல்லது அவளே நினைத்துக்கொண்டாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே.

"இல்லம்மா. போன வாரம் உனக்கு எரிஞ்சுதே, அங்கதான் ஆரம்பிச்சுது. கிருமி அங்கேருந்து சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்துல கலந்துடுச்சு. நான் உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு ரத்தம் சரியாப் போகல. அது அவ்வளவு வேகமா ஓடினது நல்லா இருந்ததால இல்ல. மூச்சு முட்டித்தான் ஓடுச்சு. அங்கேயே இருந்திருந்தா அதுவும் போயிருக்கும், நீயும் போயிருப்ப. உங்க அத்தை உன்னை அனுப்பினதாலதான் நீ இப்ப என்கிட்ட கேக்குற." ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குரல் எங்கும் நடுங்கவில்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். டாக்டரம்மா கையை விடாமல், அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது கதவை ஒட்டிப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். டாக்டரம்மா அவரைக் கடந்து போகப் பார்த்தார், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரியம்மா அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்டச் சொன்னத எனக்கும் ஒருக்கச் சொல்லுங்க தாயி."

டாக்டரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.